காக்கா முகத்தை மறக்காது

மர்பி டவுன் ஹெர்பர்ட்டுக்கு வீட்டில் ஒரே ஒரு வேலைதான். துவைத்த துணியை மொட்டைமாடிக்குத் தூக்கிப்போய்க் கொடியில் போட வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அதிலிருந்து தப்பிக்க வழி தேடிய மனுஷனுக்கு, பத்தொன்பதாவது வருஷம் ஒரு காக்கா வழி காட்டியது.

டிவி தெரியவில்லையே என்று மாடியேறினால், டிஷ் ஆன்டெனாவில் காக்காக் கூடு. பாதி குச்சி, பாதி கேபிள் ஒயர். ஓர் ஒயரைப் பிடித்து இழுத்தார். மண்டையில் நச்சென்று ஒரு கொத்து. மறுநாள் துணி போடப் போனபோதும் கொத்தியது.

அன்று முழுக்க போனில் காக்கா வீடியோதான். சாயங்காலம் மனைவி நோராவை உட்கார வைத்துப் பாடம் எடுத்தார்.

"காக்கா ஒருத்தன் மூஞ்ச மறக்கவே மறக்காது நோரா. வருஷக்கணக்கா ஞாபகம் வச்சுக்கும். முகமூடி போட்டு ஆராய்ச்சி பண்ணிருக்காங்க."

"அப்படியா?"

"மத்த காக்காவுக்கும் காட்டிக் குடுத்துடும். இனிமே நான் மாடிக்குப் போனா உயிருக்கே ஆபத்து."

"ஐயோ பாவம். நானே காயப் போட்டுக்கறேன். அந்த வீடியோவ எனக்கும் அனுப்புங்க."

பெருமையாக அனுப்பினார்.

ஒரு மாசம் ராஜபோகம். ரெண்டாவது வாரமே குஞ்சு பறந்துவிட்டது, காக்காவும் கொத்துவதை நிறுத்திவிட்டது. அது ஹெர்பர்ட்டுக்கு மட்டும்தான் தெரியும். எப்படித் தெரியும் என்பதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மூணு வீடு தள்ளி நண்பர் இராஜமாணிக்கம் வீட்டு மாடியில் கேரம் ஃபைனல். மூணு வருஷம் செமியில் தோற்ற ஹெர்பர்ட் இந்த வருஷம்தான் ஃபைனலுக்கு வந்திருந்தார். நாலு மணிக்கு ஸ்ட்ரைக்கரைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

நோரா வாசலை மறித்தாள். "மாடிக்கா போறீங்க?"

"மூணு வீடு தள்ளி இருக்கற மாடி."

"அந்தக் காக்காவுக்கு மூணு வீடு ஒரு தூரமா? மத்ததுங்ககிட்ட வேற சொல்லி வச்சிருக்கும். நான் விடமாட்டேன். உங்கள விட்டா எனக்கு யாருங்க இருக்கா?"

இராஜமாணிக்கம் போன் பண்ணினார். "பேக வாப்பா, சீக்கிரம். நாலரை வரைக்கும்தான் பாப்போம். அப்புறம் கப்ப எதிர்ல ஆடறவனுக்குக் குடுத்துடுவோம்."

ஹெர்பர்ட் கடிகாரத்தைப் பார்த்தார். உண்மையைச் சொன்னால் ஆயுசுக்கும் துணி காயப் போட வேண்டும். சட்டென்று யோசனை உதித்தது.

"ஹெல்மெட் போட்டுக்கறேன். மூஞ்சி தெரிஞ்சாத்தானே கொத்தும்?"

"நெஜமா?"

"சயின்ஸ், நோரா."

"அப்ப நம்ம மாடியிலயே ஒரு தடவ டெஸ்ட் பண்ணிடுங்க. சும்மா எதுக்குப் போறீங்க, இதையும் எடுத்துட்டுப் போங்க."

பின்கட்டுக் கதவைத் திறந்தாள். மூணு பக்கெட். பெட்ஷீட், ஜன்னல் திரை, அவருடைய பொம்மசந்திரா ஃபேக்டரி யூனிஃபார்ம் எல்லாம். ரெண்டு வாரமாகச் சேர்த்து வைத்து அன்று காலையில்தான் துவைத்திருந்தாள்.

ஹெல்மெட்டுக்குள் வேர்த்து வழிய அவர் கடைசித் தலையணை உறைக்குக் கிளிப் மாட்டும்போது மணி நாலே முக்கால். மூணு வீடு தள்ளிக் கைதட்டல் கேட்டது.

கீழே வந்தார். நோரா டீயை நீட்டினாள்.

"காக்கா ஒண்ணும் பண்ணலையே?"

"இல்ல."

"ரெண்டு வாரமா கூட்டுக்குக் கீழ கெடக்கற சிகரெட் துண்டெல்லாம் நான்தாங்க பெருக்கறேன். நீங்க அனுப்பின வீடியோவக் கடைசி வரைக்கும் பாத்துட்டேன், காக்கா சிகரெட் பிடிக்கும்னு அதுல எங்கயுமே சொல்லல."