மாலை வாங்கப் போன மச்சான்

என் மண்டைக்குள் இருப்பதற்கு மருத்துவத்தில் ஒரு பெயர் இருக்கிறதாம். கவனக்குறைவுக் கோளாறு. எழுபது வயதைத் தாண்டிய பிறகு சொல்கிறார்கள்! (இளமையிலேயே சொல்லியிருந்தால் எவ்வளவு திட்டு மிச்சமாகியிருக்கும்.) அடுப்பில் பாலை வைத்துவிட்டு மூன்று தடவை வெளியே போய்விட்டேன் என்று தங்கை நூர்ஜகான்தான் டாக்டரிடம் இழுத்துப் போனாள்.

"ஒரு வேலையாக் கிளம்பி, பாதியில வேற வேலையில மூழ்கிடுவீங்களா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் நூர்ஜகான் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "என் நிக்காஹ் கதைய சொல்றேன், கேளுங்கம்மா."

எழுபதுகளின் நடுவில், செங்கல்பட்டில் நடந்தது அது. அத்தா காலமாகிவிட்டார். பெரியப்பா, சித்தப்பா யாரும் கிடையாது. ஆகவே நூர்ஜகானுக்கு நான்தான் வலீ. அதாவது, பெண்ணின் பொறுப்பாளனாக உட்கார்ந்து, "கட்டிக் கொடுத்தேன்" என்று சொல்ல வேண்டியவன். நான் சொல்லாமல் எங்கள் வழக்கப்படி நிக்காஹ் நடக்காது. பதினொன்றரைக்கு நிக்காஹ். எட்டரைக்கு அம்மா, "மாப்பிள்ளைக்கு மாலைய வாங்கினு ஓடியா" என்று அனுப்பினார். ஐந்து நிமிட வேலை.

பூக்கடைக்காரர் மாலைக்கு ஜரிகை சுற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவருடைய டிரான்சிஸ்டர் கரகரத்தது. கரகரக்கிற எதையும் என்னால் சும்மா விட முடியாது. திறந்தேன். உள்ளே ஒரு ஒயர் விட்டுப்போயிருந்தது. பற்றவைக்க வேண்டும். மாமல்லபுரத்தில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருக்கும் நண்பன் மணி நினைவுக்கு வந்தான். (செங்கல்பட்டில் ரேடியோ கடையே இல்லையா? நாலு இருந்தன. அன்றைக்கு என் மூளையில் ஒன்றுகூட இல்லை.) எதிரே மாமல்லபுரம் பஸ் நின்றது. டிரான்சிஸ்டரோடு ஏறிவிட்டேன்.

மணி கடையில் ஒயரைப் பற்றவைத்தேன். அதோடு விட்டேனா? யாரோ கொடுத்துவிட்டுப் போயிருந்த ஒரு பெரிய ரேடியோவையும் பிரித்துப் போட்டேன். மணி என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"இன்னா மச்சான், புதுச் சட்டை, அத்தர் வாசனை... இன்னா விசேசம்?"

"தங்கச்சிக்கு நிக்காஹ்டா" என்றேன் பெருமையாக, ஸ்க்ரூவைத் திருகிக்கொண்டே.

"எப்போ?"

"இன்னிக்கிதான்."

இருவரும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தோம். பன்னிரண்டு ஆகியிருந்தது.

திரும்பிய பஸ் நின்று நின்று போனது. அதை ஓட்டியவரை அன்று நான் திட்டிய திட்டெல்லாம் எனக்குச் சேர வேண்டியவை. வீடு போய்ச் சேர இரண்டாகிவிட்டது. பிரியாணி ஆறிப்போயிருந்தது. மதுராந்தகத்திலிருந்து வந்த மாப்பிள்ளையின் அத்தா வேனில் ஏறி உட்கார்ந்திருந்தார்.

"பெரிய பேஜாரா கீது! கூடப் பொறந்தவனே ஓடிட்டான்னா, பொண்ணுகிட்ட இன்னாமோ கொற கீதுன்னுதானே அர்த்தம்?"

நான் பந்தலுக்குள் நுழைந்தேன். கையில் மாலை இல்லை. டிரான்சிஸ்டர் இருந்தது. அருமையாகப் பாடிக்கொண்டிருந்தது.

"ஒரே தங்கச்சி. அவ மேல உனக்கு அக்கறையே இல்லியேடா" என்று அம்மா அழுதார். அவமானத்தில் எனக்கும் அழுகை வந்தது. நிக்காஹை நடத்திவைக்க வந்த அஜ்ரத் பதிவேட்டை மூடிக்கொண்டிருந்தார்.

அப்போது திரைக்குப் பின்னாலிருந்து நூர்ஜகானின் குரல் கேட்டது. "அஜ்ரத், பதிவேட்ட தொறங்க. எங்கண்ணன் சட்டைய யாராச்சும் புட்ச்சிக்கினு குந்துங்க, மறுபடி எழுந்து பூடப்போறாரு!"

முதலில் சிரித்தவர் மாப்பிள்ளைதான். அவரே என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, சட்டை நுனியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். மகன் சிரிப்பதைப் பார்த்து அவர் அத்தாவும் வேனைவிட்டு இறங்கினார். மாலை இல்லாமலேயே நிக்காஹ் நடந்தது. அதிலிருந்து எங்கள் குடும்பத்தில் எந்த நிக்காஹ் என்றாலும், என் சட்டையைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆளை நியமித்துவிடுகிறார்கள்.

கதையைக் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்ட டாக்டரம்மா, "இது அக்கறை இல்லாததால வர்றது இல்லம்மா" என்றார்.

"அத நான் அன்னிக்கே சொன்னேன்" என்றாள் நூர்ஜகான். "அம்மாதான் கடைசி வரைக்கும் நம்பல."

அவளிடம் ஏதாவது நல்லதாகச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே வெளியே வந்தேன். வாசலில் ஒருவர் ஸ்கூட்டரைப் பிரித்துப் போட்டுத் தலையைச் சொறிந்துகொண்டிருந்தார்.

நான் ஓரடிதான் எடுத்துவைத்தேன். பின்னாலிருந்து சட்டை இழுபட்டது.