இரண்டு மாத வேலையில் எட்டு மாதக் கர்ப்பம்

தற்காலிகப் பணியாளர்களுக்குச் சட்டப்படி எல்லாம் கிடைக்கிறதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்ப்பதற்கென்றே ஓர் அலுவலகம் இருந்தது. அதில் ஓர் அதிகாரி, ஒரு தட்டச்சர். அதிகாரி நிரந்தரம். தட்டச்சர் அம்மாள் தற்காலிகம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு நாள் அவரை நீக்கி, மறுநாள் புதிதாகச் சேர்த்துக்கொள்வார்கள். நீக்கும் ஆணை, சேர்க்கும் ஆணை இரண்டையும் அவரே பிழையில்லாமல் தட்டச்சு செய்வார். நீக்கப்பட்ட நாளிலும் வேலைக்கு வந்துவிடுவார். அன்றைக்குச் சம்பளம் கிடையாது, கணினியும் திறக்காது. அதனால் எல்லாவற்றையும் கையால் எழுதிக் கொடுப்பார்.

இப்படியே ஆறு வருஷம் ஓடியது. இப்போது அவருக்கு எட்டாம் மாதம். சம்பளத்தோடு பிரசவ விடுப்பு கிடைத்தால்தான் வீட்டில் அடுப்பு எரியும். மனுவோடு அதிகாரி முன் போய் நின்றார்.

"வேலைக்குச் சேர்ந்து எவ்வளவு நாளாச்சும்மா?"

"ஆறு வருஷம் சார்."

"ஆணைப்படி சொல்லுங்க."

"ரெண்டு மாசம்."

"ரெண்டு மாச வேலையில எட்டு மாசக் கர்ப்பம் எப்படிம்மா வரும்? மீதி ஆறு மாசத்துக்கு நாம பொறுப்பில்ல. அப்ப யார்கிட்ட வேலை பார்த்தீங்களோ, அவரைக் கேளுங்க."

"அப்பவும் உங்ககிட்டதான் சார்."

அதிகாரி நியாயமான மனிதர். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப அவருக்கு எழுதிருவோம்" என்றார்.

'முந்தைய காலத்து அதிகாரி அவர்களுக்கு' என்ற கடிதத்தைத் தட்டச்சரே அடித்தார். அதிகாரி கையெழுத்திட்டு அனுப்பி, மறுநாள் தானே பிரித்துப் படித்து, 'தங்கள் கடிதத்தில் கண்ட கர்ப்பம் எமது காலத்தில் முற்றுப்பெறவில்லை என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்' என்று பதில் சொன்னார். அதையும் தட்டச்சர்தான் அடித்தார். அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. எதை முதலில் விடுவது என்று தெரியாமல் ஒரு காற்புள்ளியைத் திருத்தினார்.

அந்த வாரமே தலைமையகத்திலிருந்து அதிகாரிக்கு ஓர் ஓலை வந்தது. அவர் ஓய்வு பெறும் நாள் நெருங்கியதால் துருவிப் பார்த்திருக்கிறார்கள். தட்டச்சரை நீக்கிய நாட்களில் எல்லாம் கணினி திறக்காததால் வருகைப் பதிவு போய்ச் சேரவில்லை. ஆகவே அதிகாரியும் பணியில் இல்லை. ஆகவே பணித்தொடர்ச்சி இல்லை, ஓய்வூதியமும் இல்லை. நேரில் கண்ட பணியாளர் எவரேனும் சான்றளித்தால் பரிசீலிக்கப்படும்.

அதிகாரி ஓலையோடு தட்டச்சரின் மேசைக்கு ஓடினார்.

"அம்மா, அந்த நாள்லயெல்லாம் நான் இங்கதான இருந்தேன்? நீங்க பார்த்தீங்கல்ல?"

"நான்தான் அன்னைக்கு வேலையிலயே இல்லையே சார்."

"என்னம்மா இது, எதிர்லயே உட்கார்ந்து பக்கம் பக்கமா எழுதினீங்களே."

"அப்படின்னா அதை நீங்க எழுத்துல குடுத்துருங்க சார். நான் அடிச்சுத் தரேன்."

கொடுத்தார். ஒரே கையெழுத்தில் இருவருடைய பணித்தொடர்ச்சியிலும் இருந்த ஓட்டைகள் அடைபட்டன. தட்டச்சருக்குச் சம்பளத்தோடு விடுப்பும் கிடைத்தது.

காலியான நாற்காலிக்குத் தற்காலிகமாக ஓர் ஆள் வேண்டுமே. அதிகாரி வெளியே தேடி அலையாமல் தன் மகளையே போட்டார். சேர்க்கும் ஆணையோடு, கை பழகிவிட்டதால், மூன்று மாதம் கழித்து நீக்கும் ஆணையிலும் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

மகள் இரண்டையும் நிதானமாகப் படித்தாள்.

"ஏம்ப்பா, எனக்கு இது நாலாம் மாசம்னு வீட்டுல அம்மா உங்ககிட்ட சொல்லலையா?"