அடையாளங்கள் மாற்றப்பட்டுள்ளன

அன்பும் சட்டமும் ஒருங்கே வாய்த்த மருமகனுக்கு, மாமா எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் நலம். அனைவரும் என்றால் நானும் உன் அத்தையும். நீயும் உன் கட்சிக்காரர்களும் நலமாக இருக்க வேண்டும்.

முதலில் நன்றி. ஆனால் முதலில் எழுத உட்கார்ந்தது நன்றி சொல்ல இல்லை. போன மாதம் உன் அலுவலகத்தில் கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு, "ஏம்பா, இந்த வயசுல விவாகரத்து குடுப்பாங்களா?" என்று நான் கேட்டது உனக்கும் எனக்கும் உன் மேசை விசிறிக்கும் மட்டுமே தெரியும் என்று நம்பியிருந்தேன். முப்பது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவன், என் விசிலுக்கு வண்டியே நிற்கும், வீட்டிலோ நான் ஆரம்பிக்கும் வாக்கியம் எதையும் முடிப்பது உன் அத்தைதான் என்று அழாத குறையாகச் சொன்னேன். நீ அதை ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் உன் சட்டப் பகுதியில் போட்டுவிட்டாய். ஆளை மட்டும் மாற்றி, வாக்கியத்தை முடிப்பவர் கணவராம், தவிப்பது மனைவியாம். அடியில் 'அடையாளங்கள் மாற்றப்பட்டுள்ளன' என்று ஒரு வரி வேறு. கட்சிக்காரன் ரகசியத்தைக் கட்டுரையாக்கும் வக்கீலை என்ன செய்யலாம் என்று கேட்டு வக்கீல் சங்கத்துக்கு நான்கு பக்கம் எழுதி, தபால்தலையும் ஒட்டிவிட்டேன்.

அதற்குள் அத்தை அந்தப் பகுதியை உரக்க வாசித்துவிட்டு, "பாவங்க இந்தப் பொம்பள, வாயத் தொறந்தாலே..." என்றாள்.

"புருஷன்காரன் முடிச்சு வச்சிடறான்" என்றேன் நான்.

அத்தை கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னையே பார்த்தாள். எனக்குக் காது சுட்டது. அன்று சாயங்காலம் அவள், "முட்டி வலிக்குது..." என்று ஆரம்பித்தபோது, 'தைலம் அலமாரியில இருக்கு' என்று வழக்கமாக வரும் வார்த்தையை விழுங்கிக்கொண்டு காத்திருந்தேன். "...கொஞ்ச நேரம் பக்கத்துல உக்காருங்க" என்று முடித்தாள். இத்தனை வருஷமாக அந்த வாக்கியத்துக்கு அதுதான் முடிவு என்று எனக்குத் தெரியாதப்பா. உட்கார்ந்தேன். சாப்பாட்டு நேரம்வரை எழுந்திருக்கவில்லை. மறுநாள் புகாரைக் கிழித்துவிட்டேன். அதன் தபால்தலையைப் பிரித்துத்தான் இந்த உறையில் ஒட்டுகிறேன், கொஞ்சம் கோணலாக இருக்கும்.

விவாகரத்து வேண்டாம். நீ தாராளமாக எழுது, ஆனால் இனிமேல் கேட்டுவிட்டு எழுது. உன்னை நம்பி வருகிறவர்கள் வாசலிலேயே திரும்பிப் போகாமலிருக்க, மனசார வாழ்த்தும்,
மாமா

பின்குறிப்பு: ஒட்டுமுன் இதை அத்தையிடம் காட்டினேன். "பேப்பர்ல வந்தது நீங்க இல்லீங்க, நான். உங்களுக்கு ஒரு வாரம் முந்தியே அவன்கிட்ட போயிட்டு வந்துட்டேன். அவன் எதையும் மாத்தல" என்கிறாள். அன்று அவள் பாவப்பட்டது தனக்காகவேதான். ஒரே நாற்காலியில் எங்கள் இருவரையும் வாரத்துக்கு ஒருவராக உட்காரவைத்து, ஒருவர் வந்ததை மற்றவரிடம் மூச்சுவிடாத நீ, ரகசியம் காக்கிறவனா, ஊருக்குச் சொல்கிறவனா? மேற்படி நன்றி தற்காலிகமாக நிறுத்திவைக்கப்படுகிறது. திங்கட்கிழமை பத்து மணிக்குச் சேர்ந்தே வருகிறோம், இரண்டு நாற்காலி போடு. கேள்வியை நான் ஆரம்பிப்பேன். அத்தை முடிப்பாள்.