நூறு குரோனர் நோட்டில் எந்தப் பாலம்?

கழிவறை மூடியின்மேல் உட்கார்ந்து தோர்கில் மூன்றாவது முறையாகக் கூட்டிப் பார்த்தார். நாற்பத்தைந்துக்குப் பத்தொன்பது. முதல் தடவை பதினெட்டுதான் வந்தது. ஒரு விடைக்குத் தன்மேலேயே இரக்கப்பட்டு மார்க் போட்டுக்கொண்டதில் ஒன்று ஏறியிருந்தது.

கதவு தட்டப்பட்டது.

"ஒரு மணி நேரமா உள்ள என்ன பண்ற?" என்றாள் மனைவி வீபெக்கே.

"வயிறு சரியில்ல."

"அப்ப மத்தியானம் உனக்குப் பன்றி வறுவல் கிடையாது. ஓட்ஸ் கஞ்சிதான்."

ஞாயிற்றுக்கிழமை வறுவலும் போயிற்று. தோர்கில் தாளை நாலாக மடித்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டார்.

வெளிநாட்டுக்காரர்கள் டென்மார்க் குடிமக்கள் ஆவதற்கு எழுதும் பரீட்சையின் பழைய தாள் அது. சரித்திரம், பூகோளம், பணம், சட்டம் என்று நாற்பத்தைந்து கேள்விகள். முப்பத்தாறு சரியாக இருந்தால் பாஸ். தோர்கில் வெளிநாட்டுக்காரர் இல்லை. மிடல்ஃபார்ட்டில் பிறந்து, மிடல்ஃபார்ட்டிலேயே முப்பது வருடமாக ஜன்னல் விற்பவர். அவருடைய பாட்டன் முப்பாட்டன் எல்லாம் அதே ஊர்த் தேவாலயத் தோட்டத்தில்தான் படுத்திருக்கிறார்கள்.

வினை அவர் வாயால் வந்தது. ஈஸ்டர் விருந்தில் மூன்றாவது கிளாஸ் உள்ளே போனதும், மகள் ஆஸ்த்ரிக்கு நிச்சயமாகியிருந்த பையனைப் பிடித்துக்கொண்டார். பையன் பெயர் சிக்ஸ்டன். ஸ்வீடன்காரன், அதிலும் ஸ்கோனே மாகாணத்துக்காரன்.

"நீ பொறந்த ஊரே எங்களுது. எங்ககிட்டேர்ந்து நீங்க பிடுங்கினது" என்றார் தோர்கில்.

"அப்ப நானும் டேனிஷ்தானே மாமா. அப்புறம் என்ன?"

"அதெப்படி? அந்தப் பரீட்சை இருக்கே, அதை எழுதிட்டு வந்து சொல்லு. உடம்புல டேனிஷ் ரத்தம் ஓடறவன் தூக்கத்துல எழுதினாலும் நாப்பத்தஞ்சுக்கு நாப்பத்தஞ்சு வாங்குவான்."

"எழுதிக் காட்டுங்களேன்" என்றாள் ஆஸ்த்ரி.

அங்கேயாவது வாயை மூடியிருக்கலாம். மனுஷன் மூடவில்லை.

"ஜூன் அஞ்சு, அரசியல் சட்ட நாள். இதே மேஜை. நானும் எழுதறேன், இவனும் எழுதட்டும். இவன் என்னைவிட ஒரே ஒரு மார்க் கூட வாங்கினாலும், உங்க கல்யாணத்தன்னிக்கு என் கம்பத்துல ஸ்வீடன் கொடியை நானே ஏத்தறேன்."

தோர்கிலின் கொடிக்கம்பம் எட்டு மீட்டர் உயரம். வருடா வருடம் வசந்தத்தில் தானே ஏணி போட்டு வெள்ளையடிப்பார். யாருக்குப் பிறந்தநாள் என்றாலும் விடிந்ததும் டென்மார்க்கின் சிவப்புக் கொடி ஏறும், பொழுது சாய்வதற்குள் இறங்கும். அந்தக் கம்பத்தில், தெருவே பார்க்க, நீலமும் மஞ்சளும் பறப்பதா? அதற்கு வீட்டை விற்றுவிட்டுக் கிளம்பிவிடலாம்.

அப்போது அவருக்குத் தைரியம் இருந்தது. பழைய தாள் ஒன்றை ரகசியமாக எழுதிப் பார்த்ததில்தான் தைரியம் கரைந்தது. அவர்மேல் முழுப் பழியையும் போடுவதும் நியாயமில்லை. எங்கள் சரித்திரம் முக்கால்வாசி தொலைத்த கதை. ஸ்கோனே போனது 1658, நார்வே போனது 1814, தரங்கம்பாடியை இங்கிலீஷ்காரனுக்கு விற்றது 1845, தெற்கே ஜெர்மானியன் பிடுங்கியது 1864. தொலைத்ததை எல்லாம் தேதியோடு எவன் ஞாபகம் வைத்துக்கொள்வான்? பூகோளம் அதைவிட மோசம். தோசைக்கல் மாதிரித் தட்டையாக ஒரு நாட்டை வைத்துக்கொண்டு, இதில் மிக உயரமான இடம் எது என்று கேட்கிறார்கள்.

இதையெல்லாம் உருப்போட்டுவிடலாம். பணத்தைப் பற்றிய கேள்விகளில்தான் தோர்கில் மாட்டிக்கொண்டார். எந்த நோட்டில் எந்தப் பாலம், எந்தக் காசில் ஓட்டை. ரொட்டி வாங்குவதிலிருந்து சந்தா கட்டுவது வரை எல்லாம் போனிலேயே முடிந்துவிடும் ஊரில், அவர் நோட்டைத் தொட்டு நாலு வருடம் ஆகியிருந்தது. நூறு குரோனர் நோட்டில் எந்தப் பாலம் என்ற கேள்விக்குத் தலைநகரத்துப் பாலம் ஒன்றை எழுதியிருந்தார். சரியான விடை லில்லபெல்ட் பாலம். அவர் வீட்டுச் சமையலறை ஜன்னலைத் திறந்தால் தெரிகிற பாலம் அது.

நோட்டைக் கண்ணால் பார்த்தால் மனதில் நிற்கும் என்று திங்கட்கிழமை பணம் எடுக்கும் மெஷினுக்குப் போனார். ரகசிய எண் கேட்டது. ராத்திரியெல்லாம் சரித்திர வருடங்களையே உருப்போட்டிருந்த மனுஷன் 1397 என்று அடித்தார். தப்பு என்றது. 1658 அடித்தார். அதுவும் தப்பு. 1864 அடித்ததும் மெஷின் கார்டை விழுங்கிவிட்டது.

பாங்க்குக்குள் மால்தே இருந்தான். இருபத்தைந்து வயது, மரியாதையான பையன்.

"கார்டு வர ஒரு வாரம் ஆகும். எவ்வளவு வேணும்?"

"அம்பது, நூறு, இருநூறு, ஐநூறு. ஒவ்வொண்ணுலயும் ஒரே ஒரு நோட்டு."

"இந்தக் கிளையில ரொக்கம் கிடையாதே. எதுக்குன்னு கேக்கலாமா?"

"பாக்கணும்."

"எதை?"

"பாலத்தை."

மால்தே ஜன்னலைப் பார்த்தான். லில்லபெல்ட் பாலம் வெயிலில் பளிச்சென்று நின்றுகொண்டிருந்தது. மறுபடி தோர்கிலைப் பார்த்தான். உண்மையைச் சொல்லிவிடலாம். ஆனால் மால்தேயின் அம்மா வீபெக்கேயோடு பாட்டுக் குழுவில் இருப்பவள். சாயங்காலத்துக்குள் பத்தொன்பது மார்க் ஊர் முழுக்கப் பாட்டாகிவிடும்.

"யாராவது போன்ல உங்களை மிரட்டறாங்களா?" என்றான் மால்தே, குரலைத் தாழ்த்தி.

"இல்லப்பா."

"இன்டர்நெட்டுல யாராவது... புதுசா பழக்கமா?"

தோர்கிலுக்குக் காது வரை சிவந்துவிட்டது. அவர் கோபத்தில் சிவந்தார். மால்தே அதை வேறு கணக்கில் எழுதிக்கொண்டான். அவர் வீடு போய்ச் சேருவதற்குள் வீபெக்கேவுக்குப் போன் போய்விட்டது. கார்டு போச்சு, அவருக்கு ரொக்கத்துக்கு அவசரம், காரணம் கேட்டா முகம் செவக்குது, எதுக்கும் கொஞ்சம் பாத்துக்கங்க.

வீபெக்கே பார்த்துக்கொண்டாள். அன்று சாயங்காலம் கழிவறைக் கதவில் காதை வைத்துக் கேட்டாள். உள்ளே கணவர் ஜபம் பண்ணிக்கொண்டிருந்தார். "மார்கிரேத... மார்கிரேத... ஆயிரத்து முந்நூத்தித் தொண்ணூத்தேழு... மார்கிரேத..."

கதவு திறந்ததும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். "யாரு அந்த மார்கிரேத?"

அறுநூறு வருடம் முன்பு டென்மார்க், நார்வே, ஸ்வீடன் மூன்றையும் ஒரே குடையின் கீழ் கொண்டுவந்த ராணி என்று சொன்னால் பரீட்சை வெளியே வந்துவிடும். தோர்கிலின் மூளை வேலை செய்தது. வேலை செய்யாமலே இருந்திருக்கலாம்.

"போர்ன்ஹோம் தீவுல விடுதி நடத்தற அம்மா. உன்னைக் கூட்டிட்டுப் போகலாம்னு ரகசியமா ஏற்பாடு பண்ணிட்டிருந்தேன். நீ கெடுத்துட்ட."

"ஆயிரத்து முந்நூத்தித் தொண்ணூத்தேழு?"

"ஒரு ராத்திரி வாடகை."

வீபெக்கேவின் கண்ணில் நீர் வந்துவிட்டது. இருபத்தெட்டு வருடமாகப் போர்ன்ஹோம் போர்ன்ஹோம் என்று கேட்டவள். அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். ராத்திரி சாப்பாட்டில் கஞ்சி போய் இறைச்சி உருண்டை வந்தது. தோர்கில் நிம்மதியாகச் சாப்பிட்டார்.

மறுநாள் வீபெக்கே கம்ப்யூட்டரில் போர்ன்ஹோம் விடுதி ஒவ்வொன்றாகத் தேடினாள். மார்கிரேத என்று ஒருத்தியும் விடுதி நடத்தவில்லை. மத்தியானம் அவள் தன் தலையணையையும் போர்வையையும் மகளின் பழைய அறைக்கு எடுத்துப் போய்விட்டாள். சாயங்காலம் சிக்ஸ்டன் வந்தான்.

"ஆஸ்த்ரி அழறா மாமா. அத்தை வக்கீல் நம்பர் கேட்டாங்களாம். என்ன நடக்குது?"

தோர்கில் அவனைக் கொடிக்கம்பத்தடிக்கு இழுத்துக்கொண்டு போனார். சுற்றும் முற்றும் பார்த்தார். இந்த உலகத்தில் யாரிடம் சொல்லக்கூடாதோ அவனிடமே சொல்ல வேண்டியதாகிவிட்டது.

"மார்கிரேத செத்து அறுநூறு வருஷம் ஆச்சுடா" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். பத்தொன்பது மார்க்கை மட்டும் இருபத்தாறு என்று சொன்னார்.

சிக்ஸ்டன் சிரிக்கவில்லை. பர்ஸைத் திறந்து நாலு நோட்டை எடுத்தான். ஐம்பது, நூறு, இருநூறு, ஐநூறு. எல்லாம் மடிப்பு விழாத நோட்டு.

"வச்சுக்கங்க. ஜூன் அஞ்சுக்கு அப்புறம் குடுத்தா போதும். வடக்கேர்ந்து வாங்க மாமா. அம்பதுல சாலிங்சுண்ட். அப்புறம் நூறு, இது உங்க வீட்டுப் பாலம். திருப்புங்க. இந்தக் கல் கத்தி எங்க கிடைச்சது தெரியுமா? அதோ, எதிர்ல தெரியற ஃபேனோ தீவுல. ரெண்டு பக்கமும் உங்க ஊருதான்."

"அடப்பாவி" என்றார் தோர்கில், நோட்டை வெயிலில் பிடித்துக்கொண்டு. எல்லா நோட்டிலும் இப்படி ஏதோ ஒன்று இருந்தது. பையன் அரை மணி நேரம் பொறுமையாகச் சொன்னான். கேட்கக் கேட்க மண்டையில் ஏறியது.

அன்று ராத்திரி தோர்கிலுக்குக் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது. எதிரியின் கையில் கத்தியைக் கொடுத்துவிட்டுப் போகிறானே, இவ்வளவு ஏமாளியான பையனுக்கா நம் பெண்ணைக் கொடுக்கிறோம் என்று நினைத்துக்கொண்டார். வீபெக்கேவைச் சமாதானப்படுத்துவது அவ்வளவு சுலபமாக இல்லை. நிஜமாகவே போர்ன்ஹோமில் கடல் பார்த்த அறை, நாலு ராத்திரி, முன்பணம் கட்டிய ரசீதைக் காட்டிய பிறகுதான் தலையணை திரும்பி வந்தது. மார்கிரேத யார் என்று அவள் மறுபடி கேட்கவில்லை. பரீட்சை முடியும் வரை அவரைக் கழிவறையில் கதவைச் சாத்தவும் விடவில்லை.

ஜூன் ஐந்து. கம்பத்தில் சிவப்புக் கொடி படபடத்தது. மேஜையில் இரண்டு தாள், இரண்டு பென்சில். ஆஸ்த்ரி முட்டை வேகவைக்கும் கடிகாரத்தைத் திருப்பி வைத்தாள்.

தோர்கில் முதல் கேள்வியையே மூன்று தடவை படித்தார். எதிரே சிக்ஸ்டன் ஒவ்வொரு கேள்வியிலும் பென்சிலைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தான். ஒரு கேள்விக்கு எழுதி, அழித்து, வேறு எழுதினான். அதைப் பார்க்கப் பார்க்கத் தோர்கிலுக்குத் தெம்பு வந்தது. பாலம் நாலும் மளமளவென்று விழுந்தன. ஓட்டைக் காசு மூன்றும் விழுந்தன. மிக உயரமான இடத்துக்கு மட்டும் 'வான மலை' என்று பெயர் வைத்த குன்றை எழுதிவிட்டார். பெயரை நம்பினால் அப்படித்தான்.

மணி அடித்தது. வீபெக்கே மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விடைத்தாளோடு ஒப்பிட்டுத் திருத்தினாள். அவள் ஒவ்வொரு சிவப்புக் கோடு போடும்போதும் தோர்கில் ஜன்னல் வழியே கம்பத்தைப் பார்த்துக்கொண்டார்.

"தோர்கில், முப்பத்தேழு."

"அப்பா பாஸ்" என்றாள் ஆஸ்த்ரி.

"சிக்ஸ்டன், முப்பத்தாறு."

தோர்கில் நாற்காலியில் அப்படியே சாய்ந்தார். கம்பம் பிழைத்தது. பிறகு ஆரம்பித்த பேச்சு நிற்கவில்லை. சிக்ஸ்டனின் தாளை இழுத்துப் பார்த்தார்.

"ஸ்கோனே எந்த வருஷம் போச்சு? இவன் 1758னு எழுதியிருக்கான். பொறந்த ஊரு கை மாறின வருஷம் தெரியல. நூறு வருஷத்தையே முழுங்கிட்டான்."

"மறந்துட்டேன் மாமா."

"மறக்கறதுக்கு இது என்ன குடையா? கவலைப்படாத. முப்பத்தாறு ஒண்ணும் கேவலமில்ல. ரத்தத்துல இல்லாததைப் படிச்சுத்தானே வாங்கணும். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வா, நானே சொல்லித்தரேன்."

"சரி மாமா. வரேன்."

"பாரு, எவ்வளவு அடக்கமான பையன்" என்று வீபெக்கேவிடம் பெருமையாகச் சொன்னார். வெற்றி மனுஷனைப் பெரிய மனசுக்காரனாக்கிவிட்டது. எழுந்து பையன் தோளில் தட்டி, கிளாஸை நிரப்பி, ஸ்வீடன்காரர்களிலும் நல்லவர்கள் உண்டு என்று ஒரு சின்னப் பிரசங்கமே செய்தார்.

வாசல் மணி அடித்தது. விருந்துக்குச் சொல்லியிருந்த கேக்கோடு பேக்கரிப் பெண் நின்றிருந்தாள். ஆப்கானிஸ்தானிலிருந்து வந்து ஒன்பது வருடமாக இந்த ஊரில் இருக்கும் ஃபெரெஷ்தா. பெட்டியை உள்ளே கொண்டுவந்து மேஜையில் வைக்கப் போனவள், பரப்பியிருந்த பரீட்சைத் தாளைப் பார்த்தாள், பென்சிலோடு உட்கார்ந்திருந்த சிக்ஸ்டனைப் பார்த்தாள். முகமெல்லாம் பல்லாகத் தோர்கில் பக்கம் திரும்பினாள்.

"நம்ம வாத்தியார்கிட்டத்தான் நீங்களும் படிக்கறீங்களா சார்? போன நவம்பர்ல எனக்கு நாப்பத்தஞ்சுக்கு நாப்பத்தஞ்சு வந்தது இவராலதான், நாலு வருஷமா லைப்ரரில செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை பாடம் எடுக்கறாரு, நாப்பதுக்குக் கீழ வாங்கினா மட்டும் வீட்டுக்கே விடமாட்டாரு."