மாத்திரைக்குத் தடை

குற்றாலம் பேரருவியில் வெள்ளம் பெருகி, குளிக்கத் தடை போட்டிருந்த ஓர் ஆனி மாதச் செவ்வாய்க்கிழமை காலையில், ஹாஜரா பீவி மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்காகத் தென்காசியிலிருந்து திருநெல்வேலிக்குக் கிளம்பினார். கிளம்பப் பார்த்தார் என்பதே சரி. கார் நகரவில்லை. அதன் ஜன்னலுக்குள் ஒரு தலை இருந்தது. எதிர்வீட்டு இசக்கிதுரையின் தலை. அதற்குப் பின்னால் ஒரு கையில் கைபேசி, இன்னொரு கையில் ரம்புட்டான் பழப் பை.

"அக்கா, அறுக்க விடாதிய. இப்பம் ஒரே ஒரு ஊசிதான். முட்டுக்குள்ள போட்டா எலும்பு புதுசா முளைக்குதாம். ஆராய்ச்சி சொல்லுது."

"எந்த ஊரு ஆராய்ச்சி, தம்பி?"

"வெளிநாட்டு ஆராய்ச்சி."

இந்த இனத்தை உங்களுக்குத் தெரியும். ஆராய்ச்சி சொல்லிகள். ஊரில் யார் உடம்பில் எங்கே கத்தி வைத்தாலும், தையல் காய்வதற்குள் வந்துவிடுவார்கள், கட்டிலருகே இருக்கிற ஒரே நல்ல நாற்காலியில் உட்கார்ந்து, நோயாளிக்கென்று வாங்கிவந்த பழத்தைத் தாமே உரித்துத் தின்றுகொண்டு, மாத்திரை அட்டையை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, "இதயா குடுத்தாரு?" என்று கேட்டுவிட்டு, மேற்கொண்டு ஒன்றும் சொல்லாமல் அடுத்த பழத்தை எடுப்பார்கள். அந்த மௌனத்தில் நோயாளிக்குக் காய்ச்சல் ஏறும். அந்த ஆராய்ச்சிச் செய்தியில் தலைப்புக்குக் கீழே ஒரு வரியாவது படித்திருப்பார்களா? அங்கேதான் 'எலிகளிடம் நடந்த சோதனை' என்று போட்டிருக்கும். போட்டிருந்தால் என்ன, எலிக்கும் முட்டு உண்டுதானே?

இசக்கிதுரை ஓய்வுபெற்ற சப்-இன்ஸ்பெக்டர். சீசன் தோறும் அருவிக்கரையில் விசிலோடு நின்றவர். தண்ணீர் நிறம் மாறினால் தடை, கூட்டம் மிஞ்சினால் தடை. தலையில் எண்ணெயோடு நிற்கிற ஆளையும் ஒரு விசிலில் வெளியே கொண்டுவந்துவிடுவார். ஓய்வுக்குப் பின் தடை போட அருவி இல்லை. தெருவில் நோயாளிகள் இருந்தார்கள்.

அறுவை சிகிச்சை நன்றாகவே முடிந்தது. மருத்துவர் சொல்லி அனுப்பியது எளிமையானது: வலி மாத்திரையை நேரத்துக்குப் போட வேண்டும், வலி அடங்கியதும் காலை மடக்கிப் பழக வேண்டும், இந்த வாரங்களை விட்டால் மூட்டு இறுகிவிடும். ஹாஜரா பீவிக்கு வேண்டியதும் எளிமையானதுதான். பல வருடங்களாகக் குடும்பமே ஐந்தருவியில் குளிக்க, அவர் காரில் உட்கார்ந்து உலர்ந்த துணிகளுக்குக் காவல் இருந்தார். அடுத்த சாரலிலாவது தண்ணீருக்குள் நிற்க வேண்டும்.

வீடு திரும்பிய மறுநாளே இசக்கிதுரை வந்தார். அட்டையைத் தூக்கிப் பார்த்தார். தடை விதித்தார். வலி மாத்திரை கூடாது, வலித்தால்தான் உள்ளே வேலை நடக்கிறது என்று அர்த்தம், வலியை அமுக்கினால் மூட்டுக்குக் குழப்பம் வந்துவிடும், இதுவும் ஆராய்ச்சி. அவரைக் குற்றம் சொல்லாதீர்கள். அக்கா மேல் அவருக்கு உண்மையாகவே பாசம். சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகும்போது, மூழ்கப்போன ஓர் உயிரைக் கரையேற்றிய நிறைவு அவருக்கு இருந்தது.

ஹாஜரா பீவி மாத்திரையைத் தலையணைக்கடியில் வைத்தார். மாத்திரை இல்லாததால் வலித்தது. வலித்ததால் கால் மடங்கவில்லை. மடங்காததால் அது கதவுக்குப் போடும் தாழ்ப்பாள்போல் நீண்டே கிடந்தது. மருமகள் அதீபா கெஞ்சினாள், சண்டை போட்டாள். ஆனால் விசில் ஊதிப் பழகிய குரலுக்கு முன்னால் மருமகள் குரல் எடுபடுமா?

ஒரு நாள் வழக்கம்போல இசக்கிதுரை நாற்காலியில் இருந்தார். ஊசிகளின் எதிர்காலம் பற்றிய பேச்சு. இனி எல்லாம் ஊசிதான், குத்துவதே தெரியாது என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, ரத்தம் உறையாமல் இருக்க வயிற்றில் போடும் ஊசியோடு தினமும் வீட்டுக்கு வந்துபோகும் நர்ஸ் ஜெயசித்ரா உள்ளே வந்தாள். மூடியைக் கழற்றினாள். சின்ன ஊசி. அவர் கைபேசியில் காட்டிவந்த படத்து ஊசியைவிடவும் சின்னது. ஆனால் இது அசைந்தது.

இசக்கிதுரை பேச்சை நிறுத்தினார். பிறகு நாற்காலியோடு மெதுவாகச் சரிந்து, ரம்புட்டான் தோல்களின் நடுவே விழுந்தார்.

கண் விழித்தபோது இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகினார். "ஏதாச்சும் மாத்திரை குடு தாயி. உயிரு போகுது."

"வலிச்சாத்தான உள்ள வேலை நடக்கும், அண்ணாச்சி?" என்றாள் அதீபா.

"ஏட்டி, அது முட்டுக்கு. இது இடுப்பு."

ஜெயசித்ரா அவரைப் புரட்டிப் பார்த்து, எலும்புக்கு ஒன்றுமில்லை என்று சொல்லி, சாதாரண வலி மாத்திரை ஒன்றைக் கொடுத்தாள். எந்த ஊர் மாத்திரை, எந்த ஆராய்ச்சி என்று அவர் கேட்கவில்லை. தண்ணீருக்கும் காத்திராமல் விழுங்கினார். கட்டிலிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த ஹாஜரா பீவி தலையணைக்கடியில் கைவிட்டார்.

"அதீபா, எனக்கும் தண்ணி கொண்டா."

அன்று மாலை கால் கொஞ்சம் மடங்கியது. மறுநாள் இன்னும் கொஞ்சம். இசக்கிதுரை அசருவாரா? இடுப்பு வலி விட்டதும் தெரு வாட்ஸ்அப் குழுவில் எழுதினார்: 'அக்கா மூட்டு வலி போயி நல்லா நடக்காவ. எல்லாம் நம்ம ஆலோசனை.' அந்த வரி ராயகிரிக்குப் போனது, துபாய்க்குப் போனது, மஸ்கட்டுக்குப் போனது. போன இடத்திலெல்லாம் யாரோ ஒருவர் கொஞ்சம் கை வைத்து மாற்றினார்.

உங்கள் கையும் அதில் பட்டிருக்கலாம். இல்லை என்பீர்கள். அடுத்த வருட ஆடிச் சாரலில், அதீபாவின் தோளைப் பிடித்து ஐந்தருவியில் ஆசைதீர நின்று, கால் மடக்கிக் காருக்குள் ஏறிய ஹாஜரா பீவிக்கு ஈரக்கையோடு படிக்கக் கிடைத்த செய்தி இது. அனுப்பியவர் இசக்கிதுரை. உங்களுக்கும் வந்திருக்கும், அம்மாவுக்கு அனுப்பினீர்களா, மாமியாருக்கா என்று மட்டும் நினைவுபடுத்திப் பாருங்கள்:

'அதிர்ச்சித் தகவல். ஜெர்மனியின் பிரபல மூட்டு ஆராய்ச்சியாளர் டாக்டர் ஹாஜரா கூறுகிறார்: கத்தி வேண்டாம், மாத்திரை வேண்டாம், அருவியில் நின்றால் போதும். உடனே எல்லோருக்கும் அனுப்பவும்.

அக்கா, உங்க பேருலயே ஒரு டாக்டர் இருக்காவ பாருங்க. அவ்வொ சொல்லுததையாவது கேளுங்க.'