பலாக்கொட்டைக்காக வக்கார் பில்டரோடு பொருத வரலாறு

வாழ்க வக்கார்! வாணியம்பாடித் தோல்வணிகர் குலக்கொழுந்து, சொன்ன விலையில் பாதி கேட்டு அப்பாதியிலும் கால் குறைக்கும் நாவலன், விசைப்பலகை வேழத்தைப் பத்து விரலால் அடக்கும் பாகன், நீடு வாழ்க! முகில் தோயும் ஜவ்வாது முகடுகளே, ஒற்றைக்கோட்டுச் சிக்னலை உயிரெனப் பிடித்து நிற்கும் ஜமுனாமரத்தூர் செல்போன் கோபுரமே, அவன் பொருத பெரும்போரைச் செவிசாய்த்துக் கேண்மின்!

அம்மலையின் விளைபொருள் கூடத்துக்குத் தலைவி ஈஸ்வரி. நாற்பது சிற்றூர்களிலிருந்து வாட்ஸப்பில் நாள்தோறும் பெருக்கெடுக்கும் செய்திவெள்ளத்தில் காலை வணக்கமும் காதுகுத்து அழைப்பும் சரக்கு விவரமும் ஒன்றாய்ச் சுழித்தோட, எவ்வூரில் எச்சரக்கு ஜீப்புக்குக் காத்திருக்கிறது எனச் சலித்துச் சொல்லவே அவள் வக்காரை வரவழைத்தாள். அவனும், சொற்பட்டியல் ஒன்றைக் கொடுத்தால் எந்த எழுத்துக்கடலிலும் மூழ்கி அச்சொற்களை முத்தெனக் கொணரும் லைப்ரரி எனும் ஆயத்த நிரல்தொகுப்பு ஒன்றைத் தன் மென்பொருளில் பூட்டினான்.

அந்தோ! அந்த முத்துக்குளிப்பான் நேற்றுச் செய்த பிழையை எந்நாவால் உரைப்பேன்! பட்டியலில் ‘பலா’வும் இருந்தது, ‘பலாக்கொட்டை’யும் இருந்தது, ஆயினும் முன்வரிசையில் நின்றது ‘பலா’வே ஆதலின், புதூர்நாட்டுப் பக்கமிருந்து ‘பலாக்கொட்டை’ என வந்த சொல்லின் தலையை மட்டும் கொய்துகொண்டு, உடலைத் திரும்பியும் பாராது கரையேறிவிட்டான். விளைவு? கயிறும் வைக்கோலும் இரு சுமையாட்களும் சூழப் பழமேற்ற மலையேறிய ஜீப் சாரதி சின்னராஜ், ஒரு மஞ்சள் பையோடு மீண்டார்.

“இன்னா பாய், ஒரு பை கொட்டைக்கு ரெண்டு ஆளா? ஒருத்தன் பைய புடிச்சிக்னான், இன்னொருத்தன் அவன புடிச்சிக்னு வந்தான்.”

ஈஸ்வரியோ இடியேறெனச் சபதம் உரைத்தாள்: “தோ பாரு வக்காரு, இன்னிக்கு மூணு மணிக்கு ஜீப்பு கெளம்பும். அதுக்குள்ள பழம் எது, கொட்டை எதுன்னு உன் பொட்டிக்குப் புரியலன்னா, உன்னயும் அதயும் ஒண்ணா மல எறக்கி வுட்டுடுவேன். நானே படிச்சிக்கிறேன், போ!”

விற்ற சரக்கைத் திரும்ப வாங்குவதா? ஏழு தலைமுறையிலும் நேராத இழுக்கு! கொதித்தெழுந்த வீரன் லைப்ரரியின் வாயிலை அடைந்தான். அங்கே வீற்றிருந்தான், தேடுகருவியைக் கட்டித்தரும் பில்டர் எனும் வாயிற்காவலன். வேண்டிய நிபந்தனைகளை ஒவ்வொன்றாய் அவன் காதில் ஓதலாம். எதற்கும் முகம் சுளியான். ஈற்றில் ‘பில்டு’ என ஆணையிட, ஓதியவை யாவும் இறுகி, இனி மாறாத் தேடுகருவி ஒன்று பிறந்து வெளிவரும். சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசும் கூட்டத்தில் வளர்ந்தவனுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டா?

நிபந்தனைகளை அள்ளி ஓதினான், கொசுறு கேளாத வணிகன் உண்டோ! பெரிய எழுத்து சிறிய எழுத்துப் பேதம் பாராதே என்றான், அப்பேதமே அறியாத தமிழுக்கு. நினைவகத்தைக் கஞ்சனெனச் செலவிடு என்றான். அடுத்த மூச்சில் புயலென ஓடு என்றான். ‘பில்டு!’ என முழங்கினான். பேரம் முடிந்து சரக்கு வண்டியேறிய பின்னும் “இன்னும் ஒண்ணு போடு” என்று கேட்டு வாங்கியே பேரெடுத்த ஹனீஃபாவின் மகன் அல்லவா? முழங்கி முடித்த பின்னரே தலையாய நிபந்தனையை ஓதினான்: ‘நீண்ட சொல்லுக்கே முதலிடம் தருக!’

பில்டர் தலையாட்டினான். நேற்றைய செய்தியைத் திரையில் ஏவ, ‘பலா’ என்றது திரை. மீண்டும் ஏவினான், ‘பலா’. ஏழு கணைகள், ஏழு பலாக்கள். வேர்வை அருவியானது, கடிகாரம் இரண்டு ஐம்பதைக் கடந்து கூற்றுவனென நடந்தது.

வாசலில் ஹாரன் சங்கென முழங்க, சின்னராஜ் எட்டிப் பார்த்தார். “பாய், கயிறு வேணுமா வாணாமா? இப்பவே சொல்லிடு. வண்டி கெளம்பினப்பறம் கத்தினா எனக்கு எங்க கேக்கும்?”

மின்னியது ஞானம்! கருவி எப்போதோ கிளம்பிவிட்டது. இவனோ வாயிற்காவலன் காதில் இன்னும் கத்திக்கொண்டிருக்கிறான்! அவனும் கைதேர்ந்த கடைக்காரனைப்போல் எல்லாவற்றுக்கும் தலையாட்டினானேயன்றி, போன சரக்கைத் தொட்டானில்லை. பாய்ந்தான் வக்கார், கடைசி வரியைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கி ‘பில்டு’க்கு முன்னே நட்டான், கொசுறுகளை எல்லாம் வெட்டி வீழ்த்தினான், கண்ணை மூடி ‘பிஸ்மில்லா’ சொல்லி எண்டர் விசையை அறைந்தான். அக்கணமே மலைகள் அதிர, மரங்கள் சிலிர்க்க, முழுமதி முகில் கிழித்தெழுந்தாற்போல், முண்டமாய்க் கிடந்த சொல் தலையும் உடலும் கூடித் திரையில் எழுந்தது: ‘பலாக்கொட்டை’!

“சரியாத்தான் காட்டுது,” என்ற ஈஸ்வரி, எதற்கும் இருக்கட்டும் என்று அன்றைய செய்திகளை எல்லாம் தானே ஒருமுறை படித்துப் பார்த்தாள்.