கண்ணாடி முதலாளியும் என் மல்லிகை மாலையும்

றக்வானை பஜாரில் உயிரோடு நடமாடிய மனிதர்களை அதிகம் சாகடித்தவர் யார் என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன்: கண்ணாடி முதலாளி! கத்தி எடுத்தவரில்லை, கள்ளச் சாராயமான கசிப்பு விற்றவரில்லை. படங்களுக்குக் கண்ணாடி போட்டுப் பிரேம் அடித்தவர், அவ்வளவுதான். ஆனால் அவர் கடைக்குள் போன போட்டோ வெளியே வரும்போது அதில் இருந்தவர் காலமாகியிருப்பார்.

விஷயம் இதுதான். கடை திறந்த புதிதில் அவரிடம் வந்ததெல்லாம் சாமி படங்கள். முருகனுக்குக் கண்ணாடி போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை சாத்தி, சூடம் காட்டித்தான் ஆளிடம் கொடுப்பார். பிறகு கல்யாணப் படம் வந்தது, குழந்தைப் படம் வந்தது, தொழிற்சங்கத் தலைவர் படம் வந்தது. மனுஷன் பழக்கத்தை மாற்றவேயில்லை. பொட்டும் பூவும் இல்லாமல் ஒரு பிரேமும் அந்தக் கடை வாசலைத் தாண்டியதில்லை. சுவரில் ஒருவர் படம் பொட்டும் மாலையுமாகத் தொங்கினால் நம் ஆட்கள் என்ன நினைப்பார்கள்? அதையும் நான் சொல்ல வேண்டுமா?

எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளையின் கல்யாணப் படத்துக்கும் இதே கதிதான். தெரணியகலையிலிருந்து பெண்ணின் தாயார் விருந்துக்கு வந்தார். வாசலில் கால் வைத்ததுமே சுவர் கண்ணில் பட்டுவிட்டது. "ஐயோ, ரெண்டு பேரும் சேந்தே போயிட்டீங்களா! ஒரு தந்தி அடிக்க நாதியில்லாமப் போச்சே!" என்று அந்த அம்மா மார்பில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். உள்ளேயிருந்து மகள் தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து, "யாரும்மா போயிட்டது?" என்று கேட்டாள். அந்த அம்மா மயங்கி விழுந்தார். எழுப்ப அரை மணி நேரமாயிற்று.

இன்னொன்று எங்கள் பெரிய தொரையின் நாய். தோட்டத்தை நிர்வகித்த அந்தத் தொரை சிங்களவர். தோட்டத் தமிழ் சரளமாகப் பேசுவார், ஆனால் ஆண் பெண் அஃறிணை எல்லாம் அவருக்கு ஒன்றுதான். ஆசையாய் வளர்த்த நாயைப் படம் பிடித்துக் கண்ணாடி போடக் கொடுத்தனுப்பினார். நெற்றியில் சந்தனப் பொட்டும் கழுத்தில் மாலையுமாக நாய் பங்களாவுக்குத் திரும்பி வந்தது. பங்களாத் தோட்டக்காரர் அதை வைரவர் வாகனம் என்று நினைத்து விழுந்து கும்பிட்டார். அசல் நாய் பக்கத்தில் நின்று படத்தைப் பார்த்துக் குரைத்தது. தொரை கோபப்படுவார் என்று எல்லோரும் பயந்தால், மனுஷர் ஒரு வாரம் அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

இப்படிப்பட்டவரிடம் நான் ஏன் போனேன் என்று கேட்பீர்கள். பஜாரில் வேறு கண்ணாடிக் கடை கிடையாது. அதுதான் காரணம்.

சிலோன் என்ற பெயர் இன்னும் மாறாத காலம் அது. எங்கள் வீட்டுக்குப் பிரஜாவுரிமைப் பத்திரம் வந்திருக்கவில்லை. அது இல்லாமல் அரசாங்கத்தின் மூன்று வருஷ நர்ஸ் படிப்புக்கு மனுக்கூடப் போட முடியாது. அதனால் மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றில் ஒரு வருஷப் படிப்புப் படித்தேன். மருந்து கட்டவும் ஊசி போடவும் பிரசவத்தில் கூட நிற்கவும் கற்றுக்கொண்டு, கையகல சேர்ட்டிபிகேட் ஒன்றோடு எங்கள் வரிசை வீடான லயத்துக்குத் திரும்பினேன். நேரம் பாருங்கள், எங்கள் தோட்டத்து டிஸ்பென்சரியிலேயே ஒரு நர்ஸ் வேலை காலியாக இருந்தது.

லயமே எனக்கு வேலை கிடைத்துவிட்டது மாதிரிக் கொண்டாடியது. பெரிய கிளாக்கர் ஐயா மட்டும், காலையில் வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக் களத்தில் எல்லோர் முன்னாலும் போட்டு உடைத்தார். "மூணு வருஷம் படிச்சாத்தான் நர்சு. ஒரு வருஷம் படிச்சா நர்சுக்குத் தங்கச்சி. ரம்புக்கனையில இருந்து மூணு வருஷம் படிச்ச மிஸ்ஸி ஒண்ணு மனுப் போட்டிருக்கு. பாத்துக்குங்க."

அப்பாவின் முகம் சுண்டிவிட்டது. அன்று சாயந்தரம் அம்மா பழைய கொழுந்துக் கூடையை இறக்கிக் கயிறு மாற்றிக்கொண்டிருந்தாள். வேலை கிடைக்காவிட்டால் திங்கட்கிழமை பெரட்டில் என் பெயரும் பதியப்படும் என்று அதற்கு அர்த்தம். கொழுந்து எடுப்பது கேவலம் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் ஊசி பிடிக்கப் பழகிய கை இது. அந்தக் கூடையைப் பார்த்துப் பார்த்து எனக்கு அழுகை முட்டியது.

சேர்ட்டிபிகேட் கசங்காமல் இருக்க ஒரு சின்னப் பிரேம் போட்டால் போதும் என்று முதலாளியிடம் போனேன்.

"என்ன புள்ள, யாரு படம்?"

"படம் இல்லீங்க முதலாளி, நர்சு சேர்ட்டிபிகேட். வியாழக்கிழமை தொரைகிட்ட இன்டர்வியூ."

"எத்தன வருஷப் படிப்பு?"

"ஒரு வருஷந்தாங்க."

"போட்டிக்கு யாரும் வராங்களா?"

"மூணு வருஷம் படிச்ச மிஸ்ஸி ஒருத்தவங்க."

முதலாளி தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், காதில் சொருகியிருந்த பென்சிலை எடுத்தார். "ஒன் போட்டோ ஒண்ணு கொண்டாந்து குடு."

"போட்டோ எதுக்குங்க?"

"குடுன்னா குடு புள்ள."

வியாழக்கிழமை காலை போய்ப் பார்த்தேன். எனக்கு மூச்சே நின்றுவிட்டது. பழனி முருகனுக்காக, மயில், படிக்கட்டு எல்லாம் அடங்கும்படி அடித்து வைத்திருந்த பிரேம் அது. கிட்டத்தட்ட அரைக் கதவு! நடுவே என் சேர்ட்டிபிகேட், சுற்றிலும் தங்கத் தாள், கீழே என் போட்டோ. கண்ணாடியில் என் நெற்றிக்கு நேராகச் சந்தனம், குங்குமம். குறுக்கே மல்லிகை மாலை.

"முதலாளி! நான் இன்னும் சாகலீங்க!"

"அதனாலதானே மல்லிய போட்டிருக்கேன்!" மனுஷருக்கு மகா கோபம். "சாமிக்குச் செவ்வந்தி, செத்தவங்களுக்கு அரளி, உசிரோட இருக்கவங்களுக்கு மல்லி. இம்புட்டு வருஷமா நான் மாத்திப் போட்டதே இல்ல. ஒருத்தனாவது பூவப் பாக்குறானா? படிச்ச புள்ள, நீயுமா?"

அடப் பாவி மனுஷா! இப்படி ஒரு கணக்கு இருப்பது அன்றுவரை றக்வானையில் ஒரு ஜீவனுக்கும் தெரியாது.

மாலையை மட்டுமாவது கழற்றித் தாருங்கள் என்று கெஞ்சினேன். மலை ரோட்டு வளைவுகளில் விழுந்துவிடக் கூடாது என்று கம்பி போட்டுக் கட்டியிருந்தார். "வேல கெடைக்கட்டும், அப்புறம் கழட்டலாம்" என்று சொல்லி, ஒரு சின்னப் பொட்டலத்தைப் பிரேமின் பின்னால் கட்டினார். பழைய பேப்பரைச் சுற்றி, தானே தூக்கி வந்து பஸ்ஸில் ஏற்றிவிட்டார்.

இரண்டாவது வளைவிலேயே பேப்பர் கிழிந்தது. பஸ் முழுக்க என் முகத்தைப் பார்த்தது, மாலை போட்ட முகத்தையும் பார்த்தது. கண்டக்டர் டிக்கட் புத்தகத்தை மூடிக்கொண்டு தலை குனிந்து போய்விட்டார். பக்கத்தில் இருந்த சிங்கள அம்மா ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அனே பவ்! நங்கித?" என்று கேட்டார். ஐயோ பாவம், தங்கச்சியா என்று அர்த்தம். அந்தக் கண்ணீரைப் பார்த்த பிறகு உண்மையைச் சொல்லாமல் இருக்க முடியுமா?

"ஏ மம தமய்" என்றேன். அது நான்தான் என்றுதான் சொன்னேன்.

அந்த அம்மா, "புது சரணய்!" என்று புத்தரைத் துணைக்குக் கூப்பிட்டுக் கத்திக்கொண்டு எழுந்து டிரைவர் பக்கம் ஓடினார். அதற்குப் பிறகு தோட்டத்துச் சந்தி வரும்வரை அந்த நீள சீட் முழுக்க எனக்குத்தான்.

ஆபீஸ் வாசலில் ரம்புக்கனை மிஸ்ஸி உட்கார்ந்திருந்தாள். நல்ல பெண். என் பிரேமைப் பார்த்து முதலில் பயந்தாள், காரணம் தெரிந்ததும் தூக்கிக்கொள்ள ஒரு கை கொடுத்தாள். அவளுடைய சேர்ட்டிபிகேட் அழகாகச் சுருட்டி ரிப்பன் கட்டியிருந்தது. முதலில் அவளைத்தான் கூப்பிட்டார்கள். ஜன்னல் வழியாக எல்லாம் எனக்குக் கேட்டது.

"மூணு வருஷம் படிச்சது, ரொம்ப நல்லது. எவ்வளவு நாள் இங்கே இருக்கும்?" என்று தொரை கேட்டார்.

"கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில வேல வர்ற வரைக்கும் இருப்பேன் சேர்" என்று அவள் மறைக்காமல் சொன்னாள்.

"ஆறு மாசம் இருந்தாலும் மூணு வருஷம் மூணு வருஷந்தானுங்களே தொரை" என்று பெரிய கிளாக்கர் ஐயா எடுத்துக் கொடுத்தார். எனக்குக் கொழுந்துக் கூடை கண் முன்னால் ஆடியது.

என் முறை வந்தது. பிரேம் நேராகக் கதவுக்குள் நுழையவில்லை, சாய்த்துக்கொண்டு நுழைந்தேன். கிளாக்கர் ஐயா சட்டென்று எழுந்து, கை கூப்பி, கண்ணை மூடிக்கொண்டார். துக்க வீட்டுப் பழக்கம். தொரை மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இது நீ தானே?"

"ஆமாங்க தொரை."

"நீ எப்போ செத்தான்?"

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. வாயைத் திறப்பதற்குள் தொரை மேசையைத் தட்டிச் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். "கண்ணாடி மொதலாளி! எங்க நாய்க்கும் இதே பொட்டுத்தான் வைச்சான்!" சிரிப்பு அடங்கிய பிறகு ஒழுங்காகக் கேள்வி கேட்டார். தீக்காயத்துக்கு என்ன செய்வாய், வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவில் வயிற்றோட்டம் வந்தால் என்ன செய்வாய் என்று கேட்டார். தெரிந்ததைச் சொன்னேன். எந்த நோயை ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்பதையும் சொன்னேன்.

"ஆனாலும் ஒரு வருஷந்தானுங்களே" என்று இழுத்தார் கிளாக்கர் ஐயா.

தொரை பிரேமைத் திருப்பினார். பின்னால் தடித்த கொக்கி இரண்டு. முதலாளி கட்டிய பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே நான்கு பெரிய ஆணி.

"கிளாக்கர், இங்கே பாருங்கோ. அந்த மிஸ்ஸி பேப்பர் சுருட்டிக்கிட்டு வந்தான், சுருட்டிக்கிட்டுப் போயிடுவான். இந்த மிஸ்ஸி ஆணி கொண்டாந்திருக்கான்! இவன் போக மாட்டான்." வெளியே பார்த்துச் சத்தம் போட்டார். "ஏய், யார் அங்கே? சுத்தியல் கொண்டு வா!"

அப்பாடா! அப்படி ஒரு மூச்சை நான் அதற்கு முன்னும் விட்டதில்லை, பின்னும் விட்டதில்லை. சம்பளம் மூன்று வருஷக்காரியை விடக் குறைவுதான், இருக்கட்டுமே! வீட்டுக்குப் போனால், செய்தி எனக்கு முன்னால் போய்விட்டிருந்தது; அம்மா கூடையை எடுத்துக் கோழியை மூடக் கவிழ்த்திருந்தாள். ரம்புக்கனை மிஸ்ஸிக்கும் அடுத்த மாதமே அரசாங்க வேலை கிடைத்தது. எனக்கு அந்தப் பாரமும் இறங்கியது.

பிரேம் டிஸ்பென்சரிச் சுவரில் ஏறியது. முதல் வாரம் ஒரு நோயாளியும் வரவில்லை. புது நர்ஸ் வேலைக்குச் சேர்ந்த அன்றே போய்விட்டாள் என்று தோட்டத்தின் மேல் பகுதியான மேல் கணக்கு முழுக்கச் செய்தி. நான் உயிரோடுதான் இருக்கிறேன் என்று தெரிந்ததும், இரண்டாம் வாரம் கூட்டம் தாங்கவில்லை. படத்துக்கு ஒரு கும்பிடு, எனக்கு ஒரு கும்பிடு, அப்புறம்தான் மருந்துக்குக் கை நீட்டுவார்கள்.

முதலாளியும் வருவார். பஜாரிலேயே டொக்டர்கள் இருந்தார்கள், அரசாங்க ஆஸ்பத்திரி இருந்தது. இந்த மனுஷர் காய்ச்சலோடு பஸ் ஏறி, மலை ஏறி, என்னிடம் வந்து நிற்பார்.

"அங்கேயே காட்டியிருக்கலாமே முதலாளி?"

"போ புள்ள, அங்க சுவத்துல ஒண்ணுமே இல்லியே! என்னத்த நம்பிக் கைய நீட்டுறது?" என்பார். பிரேம் சாய்ந்திருக்கிறதா என்று பார்த்து, நிமிர்த்தி வைத்துவிட்டுத்தான் ஊசிக்குக் கை கொடுப்பார்.

சில வருஷங்களுக்குப் பிறகு எங்களுக்குப் பிரஜாவுரிமைப் பத்திரம் வந்தது. தொரை சொன்னதைப் பொய்யாக்கிவிட்டு, அவருடைய ஆசீர்வாதத்தோடேயே நான் போய் மூன்று வருஷப் படிப்பையும் முடித்தேன். அரசாங்க வேலை, நல்ல சம்பளம், பென்ஷன் எல்லாம் அந்தத் தாளால் வந்தவைதான். அதை இல்லை என்று சொல்ல மாட்டேன். தாள் கைக்கு வந்த அன்றே முதலாளியிடம் ஓடினேன். இதற்கு மனுஷர் முழுக் கதவளவு பிரேம் போடுவார் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

மெல்லிய கறுப்புக் கட்டையில், தாள் அளவுக்கே ஒரு பிரேம் அடித்துக் கொடுத்தார்.

"என்னங்க முதலாளி, ஒரு வருஷத்துக்கு அம்மாம் பெருசு, மூணு வருஷத்துக்கு இம்புட்டுத்தானா?"

"இது தானே பேசிக்கும் புள்ள" என்றார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே. "அன்னைக்கு நீ கொண்டாந்த தாளு, ஒன்ன மாதிரியே பயந்துபோயி நின்னுச்சி. அதுக்காகப் பேச யாராச்சும் வேணாமா?"

இரண்டும் இன்று என் வீட்டுக் கூடத்தில் தொங்குகின்றன. வருகிறவர்கள் பெரிய பிரேமைத்தான் முதலில் பார்க்கிறார்கள், பெரிய படிப்பு அதுதான் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நான் திருத்துவதில்லை. இரண்டுக்கும் நடுவில் முதலாளியின் படம் இருக்கிறது. அவர் போய்ப் பல வருஷங்களாகிவிட்டன. வெள்ளிக்கிழமை தோறும் பூக்காரி, "அம்மா, அந்தப் பெரியவரு படத்துக்கு அரளி தரவா?" என்று கேட்பாள்.

"மல்லியே குடு" என்று வாங்கிக்கொள்கிறேன்.